வட்டத்தைக் கற்பிக்காதவர்கள் வசைபாடுகிறார்கள்

கொழும்பு வாகன நெரிசலில் அகப்பட்டுக்கொண்ட கனவான்கள் அடிக்கடி உதிர்க்கின்ற வாசகம் ஒன்றுண்டு. "மலைநாட்டிலிருந்து வருகிற இவன்களுக்குச் சுற்றுவட்டத்தில் சிக்னல் போடத் தெரியாது!" மத்திய மாகாண எழுத்தைத் தாங்கிய பழைய இலக்கத் தகடு கண்ணில் பட்டால் போதும், வாசகம் வந்து விழுந்துவிடும். எரிச்சல் சற்று மிகுந்திருந்தால் அதனுடன் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லும் ஒட்டிக்கொள்ளும். பத்திரிகை அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். கற்றவர்களும் மற்றவர்களும், சிங்களவரும் தமிழரும், ஏன், முற்போக்கு பேசிய நண்பர்களும்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொட்டகலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதை அறிந்தே என் முன்னால் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கான பதில்தான் இது.

முதலில் விதியைப் பார்ப்போம். ஏனெனில் வசைபாடுகிறவர்களிலேயே பெரும்பாலானோர் அதை முழுமையாகச் சொல்லமாட்டார்கள். சோதித்துப் பார்க்க விரும்புவோர் தம் அலுவலகத்தில் பத்துப் பேரிடம் தனித்தனியே கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்டிருக்கிறேன். பத்துப் பதில்கள் வரவில்லை என்றாலும், நான்கைந்து பதில்களாவது நிச்சயம் வந்தன.

நாம் வீதியின் இடப்பக்கமாக வாகனம் செலுத்துகிறவர்கள். எனவே சுற்றுவட்டத்தில் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுகிறோம். வட்டத்துக்குள் நுழைய வருகிறவர், தமது வலப்பக்கத்திலிருந்து சுற்றி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இது முன்னுரிமை பற்றிய விதி. இதையாவது பலர் அறிவார்கள். சிக்கல் சமிக்ஞையில்தான். பிரித்தானியர் வகுத்து நாமும் பின்பற்றும் மரபின்படி, இடப்புறம் உள்ள முதல் வீதியில் திரும்புகிறவர் வட்டத்தை அணுகும்போதே இடது சிக்னலைப் போட்டு, திரும்பி முடியும்வரை அதை வைத்திருக்க வேண்டும். நேரே செல்கிறவர் அணுகும்போது எதையும் போடத் தேவையில்லை. தாம் வெளியேறவேண்டிய வீதிக்கு முந்திய வீதியைக் கடந்ததும் இடது சிக்னலைப் போட வேண்டும். வலப்புறம் செல்கிறவரும், முழுச் சுற்றுச் சுற்றி வந்த வழியே திரும்புகிறவரும் அணுகும்போது வலது சிக்னலைப் போட்டு, வெளியேறும் வீதிக்கு முந்தியதைக் கடந்தவுடன் இடது சிக்னலுக்கு மாற வேண்டும். அவ்வளவுதான். ஒரு தாளில் வட்டம் வரைந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தை நம் நாட்டில் யார், யாருக்கு, எந்த மொழியில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இனி, தவறுகளைத் தரம்பிரிப்போம். எல்லாத் தவறும் ஒரே எடையுடையனவல்ல. வெளியேறும்போது சிக்னலே போடாதவரால், அடுத்த வாயிலில் காத்திருப்பவருக்குச் சில விநாடிகள் வீணாகின்றன. வலது சிக்னலை அணைக்காமலே வெளியேறுகிறவராலும் அதே நட்டம். இவை எரிச்சலூட்டும் தவறுகள். ஆனால் உரிய வீதி வருமுன்பே இடது சிக்னலைப் போடுகிறவர் உயிருக்கு உலை வைக்கிறார். அடுத்த வாயிலில் நிற்பவர், "இவர் வெளியேறுகிறார், நாம் புகலாம்" என்று எண்ணிப் புகுவார். வெளியேறுவதாகச் சொன்னவரோ வெளியேறாமல் சுற்றிக்கொண்டே வருவார். மோதுவதற்கு வேறென்ன வேண்டும்?

எல்லாவற்றிலும் கேடானது 'டபுள் சிக்னல்' என்னும் மகத்தான கண்டுபிடிப்பு. பழுதாகி நிற்கும் வாகனம் பிறரை எச்சரிப்பதற்காக அமைந்த அபாய விளக்குகளை, "நான் நேரே போகிறேன்" என்று அறிவிப்பதற்காக எரியவிடுகிறார்கள். இலங்கையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலும் இந்தப் பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். வட்டத்தின் வாயிலில் காத்து நிற்கிறவர், சுற்றி வரும் வாகனத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறார் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர் கண்ணில் முதலில் படுவது இடது விளக்கு. வலது விளக்கை இன்னொரு வாகனம் மறைத்துவிட்டால், அந்த ஒற்றை விளக்கு அவரிடம் சொல்லும் செய்தி, "நான் இடப்புறம் வெளியேறுகிறேன்" என்பதே! நேரே செல்வதைச் சொல்ல நினைத்தவர், அதற்கு நேரெதிரான பொய்யைச் சொல்லிவிடுகிறார். இந்தப் பழக்கத்தை மலைநாட்டார் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. தலைநகரில் விலையுயர்ந்த வாகனங்களிலும் நாள்தோறும் இதைக் காணலாம்.

மலைநாட்டுச் சாரதிக்குச் சிக்னல் தெரியாது என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது வருவோம். அவிசாவளையிலிருந்து கித்துள்கலை, கினிகத்தேனை, அட்டன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 பாதையில் ஒருமுறையேனும் சாரதியின் அருகே அமர்ந்து பயணம் செய்தவர்கள் இதைச் சொல்லத் துணியமாட்டார்கள். அந்தப் பாதையில் சமிக்ஞை இல்லாமல் ஒரு மைல் போக முடியாது. வளைவு வருமுன் ஹோர்ன் அடிப்பது அங்கே அநாகரிகமன்று, கடமை. ஒடுங்கிய இடத்தில் மேலேறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிடுவார். பாரம் ஏற்றிய லொறி ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்த மரபு அது. கொழுந்து லொறிக்குப் பின்னால் வருகிறவருக்கு முன்னால் உள்ள வளைவு தெரியாது. லொறிக்காரருக்குத் தெரியும். அவர் இடது சிக்னலைப் போட்டு ஓரங்கட்டினால் "முந்திக்கொண்டு போ" என்று பொருள். வலது சிக்னலைப் போட்டால் "பொறு, எதிரே வாகனம் வருகிறது" என்று பொருள். மூடுபனி இறங்கிய மாலைகளில் எத்தனையோ உயிர்களை இந்த விளக்குகள்தாம் காத்திருக்கின்றன.

இம்மொழியைப் புனிதமாக்க நான் முயலவில்லை. அதில் ஆபத்தும் உண்டு. "முந்திக்கொண்டு போ" என்பதற்கும் "நான் இடப்புறத் தோட்டப் பாதையில் திரும்பப் போகிறேன்" என்பதற்கும் விளக்கு ஒன்றே. ஊர் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் முன்னால் செல்லும் லொறி வலது சிக்னலைப் போட்டு "முந்திக்கொள்" என்று சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குவிதிகளில், பின்னால் வருகிறவரை முந்தச் சொல்வதற்கு வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும் என்று இருந்தது. கையின் வேலையை விளக்கு ஏற்றுக்கொண்டதால் அந்த வழக்கம் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியாயினும், அங்கே "வா" என்று சொல்லும் விளக்கு இங்கே "வராதே" என்று சொல்கிறது. சமிக்ஞை என்பது ஒரு மொழி. மொழி பிறவியில் வருவதில்லை, எவரோ கற்பிக்க வருகிறது. மலைப்பாதையின் மொழியைத் தகப்பனும் அண்ணனும் லொறிக்கார மாமாவும் கற்பித்தார்கள். வட்டத்தின் மொழியைக் கற்பிக்க வேண்டியவர்கள் யார்?

உலகம் இதை எப்படிக் கற்றுக்கொண்டது என்று பாருங்கள். இங்கிலாந்தின் முதலாவது சுற்றுவட்டமாகக் கருதப்படும் லெட்ச்வர்த் வட்டம் 1909ஆம் ஆண்டளவில் அமைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, வட்டத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு அந்நாட்டில் ஒரே சீரான விதி இருக்கவில்லை. புகுகிறவர்கள் புகுந்துகொண்டேயிருக்க, உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாமல் வட்டம் இறுகிப் பூட்டிக்கொண்டது. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்ற விதி 1966 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரே அந்தப் பூட்டுத் திறந்தது. பிரான்ஸிலோ, வட்டத்துக்குள் புகுகிறவருக்கே முன்னுரிமை என்ற தலைகீழ் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1984இலிருந்து, உரிய பலகை நாட்டிய வட்டங்களில் அது மாறியது. நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டிருந்தாலும் அதன் பிறப்பு, பிரித்தானியர்கள் தங்கள் வட்டத்தின் குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்தியது. எசமானர்களுக்கே ஐம்பது ஆண்டுகள் விளங்காத ஒன்று, அட்டன் பையனுக்கு ஒரே நாளில் விளங்கவில்லை என்று சிரிப்பதில் என்ன நியாயம்?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிதில் புரியும். இலண்டனில் வலப்புறம் செல்ல வேண்டுமானால் வட்டத்துக்கு வருமுன்பே வலது சிக்னல் போட வேண்டும் என்று உங்களுக்குக் கற்பித்தார்கள். ஜேர்மனியில் இருப்பவர்களுக்கோ, உரிய பலகை உள்ள வட்டத்தில் புகும்போது சிக்னல் போடுவதே கூடாது, வெளியேறும்போது போட்டே ஆக வேண்டும் என்று கற்பித்தார்கள். இலண்டன் அண்ணன் டோர்ட்மண்டில் இருக்கும் தம்பியின் வாகனத்தை வாங்கி ஓட்டினால், முதல் வட்டத்திலேயே தவறு செய்வார். அதற்காக அவரை எவரும் "காட்டான்" என்று ஏசுவதில்லை. "அங்கே விதி வேறு" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சலுகை சீமையிலிருந்து போகிறவருக்கு உண்டு, கொட்டகலையிலிருந்து போகிறவருக்கு இல்லை!

இங்கே கற்பித்தல் எவ்வாறு நடக்கிறது? மலையக நகரொன்றில் இயங்கும் சாரதிப் பயிற்சி நிலையத்தில், என் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பாடத்தைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். அதைப்போல் ஏராளமானவை உள்ளன. மேட்டில் நிறுத்திக் கிளப்புவது, பின்னோக்கி எடுப்பது, கையால் சைகை காட்டுவது ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்பித்தார்கள். "அண்ணே, ரவுண்டபவுட்ல எந்தச் சிக்னலு போடணும்?" என்று அவன் கேட்டிருக்கிறான். "தம்பி, இங்க அதெல்லாம் வராது. கொழும்புக்குப் போனீனா டபுள் சிக்னலப் போட்டுட்டு மெதுவாப் போ, மத்தவன் பாத்துக்குவான்" என்று பதில் வந்திருக்கிறது. கற்பித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் எவரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஐந்தாறு வீதிகள் வந்து கூடும் பெரிய வட்டம் ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையும் கடக்காத ஒருவர், மலையிலே பயின்று, மலையிலே பரீட்சை கொடுத்து, நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுவிடலாம். மறுவாரமே வேன் ஓட்டவோ முச்சக்கர வண்டி ஓட்டவோ தலைநகரில் இறங்கிவிடலாம். தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாத வீடுகளின் பிள்ளைகள் அப்படித்தான் இறங்குகிறார்கள். அவனுக்கு அனுமதி கொடுத்தது அரசு. அவனைப் பரீட்சித்ததும் அரசு. பிழை மட்டும் அவனுடையதா?

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம், மறுக்கவில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் சரியான விடையைத் தெரிந்து புள்ளடி இடுவது வேறு, ஓடும் வட்டத்தில் கை தானாக அந்தச் சிக்னலுக்குப் போவது வேறு. இரண்டுக்கும் இடையில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, பேச்சுத் தமிழில், வரைந்து காட்டிப் பழக்க வேண்டியிருக்கிறது. மனனம் செய்து சித்தியடைகிற தாள் அந்த வேலையைச் செய்யாது.

பொலிஸாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெரிசல் நேரங்களில் கொழும்பு வட்டங்களின் நடுவே பொலிஸார் நின்று கையசைத்து வாகனங்களை விடுகிறார்கள். அந்த நேரத்தில் வலப்பக்க விதியும் இல்லை, சிக்னல் விதியும் இல்லை. கைதான் விதி. நெரிசலுக்கு அது தேவைப்படலாம். ஆயினும் காலையும் மாலையும் விதியை ஒத்திவைக்கும் இடத்தில், நண்பகலில் மட்டும் அது எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி? 2025 ஜனவரியில், வாகனங்களில் பொருத்திய மேலதிக வர்ண விளக்குகளையும் அலங்காரங்களையும் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினார்கள். பஸ் உரிமையாளர்கள் முணுமுணுத்தபோதும் நான் அதை வரவேற்றேன். பத்து நிறத்தில் மின்னுகிற பின்புறத்தில் எது சிக்னல், எது அலங்காரம் என்று யாருக்குத் தெரியும்? அத்தகைய விளக்குகளை அகற்றக் காட்டிய உறுதியில் பாதியை, எஞ்சிய விளக்குகளின் பொருளைக் கற்பிப்பதில் காட்டினால் போதும்.

"மலைநாட்டில் மக்கள் பள்ளத்தில் விழுந்து சாகிறார்கள், நீர் சிக்னலைப் பற்றி எழுதுகிறீரே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனையும் முச்சக்கர வண்டியையும் மோதியதில் ஏழு பேர் மாண்டார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லப் பகுதியில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மரணங்களைச் சிக்னலின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று, நான் எழுதவும் மாட்டேன். ஆனால் ரதெல்லவில் நடந்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். செங்குத்தான மலைப்பாதைக்கு வெளியூர்ப் பெரிய பஸ் வந்தது. மாண்டவர்கள் மலைநாட்டு மக்கள். அதற்காக, "கொழும்பானுக்கு மலையில் ஓட்டத் தெரியாது" என்று கொட்டகலையில் எவரும் ஓர் இனத்தையோ ஓர் ஊரையோ வைது திரியவில்லை. அந்தப் பாதையில் பெரிய வாகனங்களைத் தடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஏசுவதை விட்டு ஏற்பாட்டைக் கேட்பது எப்படி என்பதை, தலைநகரத்துக் கனவான்கள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

நான் கேட்பவையும் ஏற்பாடுகள்தாம். பயிற்சி நிலையத்துக்கு அனுமதி வழங்கும்போது, சுற்றுவட்டப் பாடம் கட்டாயம் என்று எழுதுங்கள். வட்டம் இல்லாத ஊரில் ஒரு மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு கீறி நான்கு வாயில்கள் அமைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? செயன்முறைப் பரீட்சையிலும் அந்தக் கோட்டைச் சுற்றி வரச் செய்யுங்கள். பெரிய வட்டங்களை அணுகும் வீதிகளில், எந்த வீதிக்கு எந்த ஒழுங்கை, எந்தச் சிக்னல் என்பதைப் படத்துடன் மும்மொழியிலும் பலகையில் எழுதி வையுங்கள். டபுள் சிக்னல் பழுதான வாகனத்துக்கு மட்டுமே உரியது என்பதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும், பேச்சுத் தமிழிலும் பேச்சுச் சிங்களத்திலும் ஆறு மாதம் ஓயாமல் சொல்லுங்கள். அதன் பின்னரும் தவறு செய்கிறவருக்குத் தண்டம் விதியுங்கள். மலைநாட்டான் என்றாலும் விதியுங்கள், நான் கேட்கமாட்டேன்.

நம் சாரதித் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரசு கற்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வலப்பக்கத்தில் வருகிறவருக்கு வழிவிடுங்கள். வெளியேறும் வீதிக்கு முந்தியதைக் கடந்த பிறகு மட்டும் இடது சிக்னலைப் போடுங்கள். டபுள் சிக்னலைத் தொடவே வேண்டாம். வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும், இந்த மூன்றும் உங்களையும் மற்றவரையும் காக்கும்.

இன்னொன்றும் உண்டு. கொழும்பின் பெயர்பெற்ற வட்டங்களில் ஒன்றுக்கு, அதிகாரபூர்வமாக டி சொய்சாவின் பெயர் இருக்கிறது. ஆனால் மக்கள் அதை 'லிப்டன் சுற்றுவட்டம்' என்றே அழைக்கிறார்கள். 1890இல் இலங்கைக்கு வந்து, மலைநாட்டுத் தோட்டங்களை வாங்கி, தேயிலையால் உலகப் புகழும் பெருஞ்செல்வமும் பெற்ற தோமஸ் லிப்டனின் பெயர் அது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் கொள்ளுப்பேரன் அந்த வட்டத்தைச் சுற்றி வரும்போதுதான், முதல் வாயிலில் நிற்கிறவர் கண்ணாடியை இறக்கி அவனைத் தோட்டக்காட்டான் என்று ஏசுகிறார். ஏசுகிறவர் தம்முடைய இடது சிக்னலைப் போட்டிருக்கிறாரா என்று அடுத்த முறை பாருங்கள்.